ஒட்டும் தம்பி, ஒத்துப்போவாது: ஒரு மெட்ராஸ் சுவரை வெட்டின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும் எடுத்துவிட்டோம். மற்றபடி பேசியது பேசியபடி.)

ஆடியோ கேட்டவங்களுக்கு முதல் பத்து செகண்ட் காது கிழிஞ்சிருக்கும், மன்னிச்சுக்கோங்க. அது கட்டர் மெஷின். எங்க பாட்டி வீட்டுச் சுவரை எலக்ட்ரீஷியன் வெட்டும்போது என் போன்ல தற்செயலா பதிவானது. ரெண்டு வருஷமா அந்த ஃபைலை அழிக்காம வெச்சிருந்தேன். ஏன்னு இன்னைக்குச் சொல்றேன்.

வீடு திருவல்லிக்கேணியில. கொள்ளுத்தாத்தா யார்கிட்டயோ வாங்கினது. அதுக்கு முன்னாடி யார் கட்டினாங்கன்னு பத்திரத்துல தெளிவா இல்ல. நூறு வயசுக்குக் குறையாது. பாட்டிக்கு எண்பத்தி நாலு. அந்த மே மாசம் வெயில்ல அவங்களுக்கு ரெண்டு தடவை மயக்கம் வந்துருச்சு. டாக்டர் ஏசி போடச் சொல்லிட்டார். அதனால, இது ஏதோ இன்ஸ்டாகிராம் பார்த்து வீட்டை மாத்தின கதை இல்ல. ஒரு ஏசி, ஒரு கீசர், ஆறு பவர் பாயின்ட். சித்தப்பா "ரெண்டு நாள் வேலைடா"ன்னார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். சுவரோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு, படுக்கைவாட்டுல, கயித்துல சாக்பீஸ் தேய்ச்சு கோடு அடிச்சார். மெஷினை ஆன் பண்ணார். நான் செங்கல் தூள் சிவப்பா கொட்டும்னு எதிர்பார்த்தேன். கொட்டினது வெள்ளை. முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி நைசா, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தா வருமே, அந்த வாசனையோட.

மெஷின் நின்னதும் போய் அந்த வெட்டைப் பார்த்தேன். மேல பெயின்ட் மட்டுமே ஏழெட்டு ஏடு: க்ரீம், அதுக்குள்ள வெளிர் பச்சை, அதுக்குள்ள நீலம் போட்ட வெள்ளை. அதுக்கும் கீழ நகத்தனமா ஒரு கெட்டியான வெள்ளைத் தோல். அதுக்கப்புறம் ஒரு இன்ச்சுக்கு மேல சொரசொரன்னு மணல் கலந்த காரை. கடைசியில தட்டையான, இப்போ கிடைக்கிறதுல பாதி உயரம்கூட இல்லாத செங்கல். காரைக்குள்ள ஏதோ மின்னுச்சு. விரலால நோண்டி எடுத்தேன். கிளிஞ்சல். சரியா வேகாத ஒரு சின்ன கிளிஞ்சல் துண்டு.

அதை இன்னும் என் மேஜையில வெச்சிருக்கேன். இந்த எபிசோடோட ஹீரோ அதுதான்.

நம்ம ஊர்ல சுண்ணாம்புக்கு ரெண்டு வழி. மலையில சுண்ணாம்புக்கல் வெட்டிச் சுடலாம். இல்லன்னா கடலோரத்துல கிளிஞ்சல் வாரிச் சுடலாம். மெட்ராஸ் கடலோர ஊர். வடக்கே பழவேற்காடு ஏரியில கிளிஞ்சல் வாருறது நெடுநாள் தொழில். கல், கிளிஞ்சல் ரெண்டுமே வேதியியல்ல ஒண்ணுதான்: கால்சியம் கார்பனேட். காளவாயில சுமார் 900 டிகிரிக்குச் சுட்டா உள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடும். 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலைச் சுட்டா 56 கிலோதான் மிஞ்சும். மிச்ச 44 கிலோ காத்துல. இது சுட்ட சுண்ணாம்பு. தண்ணி ஊத்தினா கொதிச்சுப் பொரிஞ்சு நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலோட அரைச்சுச் சுவர்ல பூசினா, அது காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப எடுத்துக்கும். எடுத்து என்னவா மாறும்? மறுபடியும் கால்சியம் கார்பனேட். வேதியியல்படி பார்த்தா, சுவர் மறுபடியும் கிளிஞ்சலா ஆகிடுது.

காலேஜ்ல நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். முதல் செமஸ்டர்ல கெமிஸ்ட்ரி பேப்பர்கூட இருந்துச்சு. இதை ஒருத்தரும் இப்படிச் சொல்லல.

இதுல ஒரே சிக்கல் நேரம். காத்து உள்ள போகணும், லேசா ஈரமும் இருக்கணும், கனமான பூச்சுன்னா மாசக்கணக்குல ஆகும். அவசரப்பட்டா வெடிக்கும். அந்தக் காலத்து ஆளுங்க இதைச் சமாளிக்க என்னென்னமோ சேர்த்தாங்க. கடுக்காய், வெல்லம், முட்டைன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கும், "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ன்னு முடியும். எனக்கு அந்த வகை மெசேஜ் மேல நம்பிக்கை இல்ல. அதனால எழுத்துல பதிவான சாட்சி இருக்கான்னு தேடினேன். இருக்கு. அதுவும் லண்டன் ராயல் சொசைட்டியோட ஆய்விதழ்ல.

ஐசக் பைக்னு ஒருத்தர். செயின்ட் ஹெலினா தீவுல கிழக்கிந்தியக் கம்பெனியோட கவர்னர். மெட்ராஸ்ல நல்ல சாந்து எப்படிச் செய்றாங்கன்னு அவர் எழுதி அனுப்பின குறிப்பு 1732 வாக்கில் அச்சாச்சு. கிட்டத்தட்ட சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கு. 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு. நம்ம கணக்குல ரெண்டும் சேர்த்து ஆயிரம் லிட்டர் சொச்சம். சுண்ணாம்பை நீத்து ரெண்டு மூணு நாள் அப்படியே விடணும். 20 பவுண்டு வெல்லத்தைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு அடிக்கணும். தனியா ஒரு அளவு பயறையும் ஒரு அளவு கடுக்காயையும் கூழ் பதத்துக்கு வேக வெச்சு, வடிகட்டி, அந்தத் தண்ணியை வெச்சுக்கணும். நைசான பூச்சுன்னா முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர்.

ஆயிரம் லிட்டர் கலவைக்கு 9 கிலோ வெல்லம். ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா சர்க்கரை கலந்த தண்ணியில சுண்ணாம்பு வெறும் தண்ணியைவிட அதிகமா கரையும். இது சும்மா பெருமைக்குச் சொல்றது இல்ல, லேப்ல செஞ்சு பார்க்கலாம்.

நான் நின்னது வேற ஒரு வரியில. பயறும் கடுக்காயும் வெந்த அந்தத் தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டு வெப்பாங்களாம். எதுக்கு? வேலைக்காரங்க அதை எடுத்துக் குடிச்சிடாம இருக்க. பைக் இதைப் போகிற போக்குல, ஒரு தொழில் நுணுக்கம் மாதிரி எழுதிட்டுப் போயிடுறார்.

பாட்டிகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "பசிக்கிறவன் பயத்தந்தண்ணியக் குடிச்சா என்னடா தப்பு? அதுல போய்ச் சுண்ணாம்பக் கலந்தாங்களா?"ன்னாங்க. அந்தக் குறிப்புல கவர்னர் பேர் இருக்கு, அச்சான இதழோட பேர் இருக்கு. அந்தக் கொத்தனார்கள்ல ஒருத்தர் பேர்கூட இல்ல.

சாந்து ஆனதும் வேலை முடியல. மெட்ராஸ் சுண்ணம்னு வெள்ளைக்காரங்க வியந்த பூச்சு மூணு பூச்சா வரும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அம்மியில அரைப்பாங்க. பூசினதும் சுவர் வியர்க்கும். வியர்வையைத் துணியால துடைக்கணும், மறுபடி வியர்க்கும், மறுபடி துடைக்கணும், நாள்கணக்குல. நடுவுல வழவழப்பான பளிங்குக் கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். கேப்டன் குக்கோட ரெண்டாவது பயணத்துல ஓவியரா போன வில்லியம் ஹாட்ஜஸ் 1780-ல மெட்ராஸ் வந்தார். கடல்ல இருந்து பார்த்தப்போ கோட்டைக்குள்ள இருந்த வீடுகள் பளிங்குல கட்டின மாதிரி மின்னுச்சுன்னு, 1793-ல வெளியான தன்னோட பயண நூல்ல எழுதியிருக்கார். பளிங்கு இல்ல சார், செங்கல்தான். மேல இருக்கிறது நம்ம ஆளுங்களோட கைத்தேய்ப்பு.

எங்க வீட்டுல அந்தளவு பகட்டு கிடையாது. கூடத்துல ஒரே ஒரு தூண்ல மட்டும் அந்தப் பளபளப்பு இருக்கு. சின்ன வயசுல அதுல முகம் பார்த்துப் பல்லு இளிப்போம். பாட்டி மத்தியானம் அதுல முதுகு சாய்ச்சு உக்காருவாங்க, சில்லுன்னு இருக்கும்னு. நல்லவேளை, எலக்ட்ரீஷியன் கோடு அந்தத் தூணைத் தொடல.

சரி, வெட்டின சுவருக்கு வருவோம்.

பைப் பதிச்சதும் அந்தக் காடியைச் சிமென்ட் வெச்சு அடைச்சோம். வேற என்ன வெச்சு அடைப்பாங்க? மூட்டை பக்கத்துக் கடையில கிடைக்குது. காலையில பூசினா சாயங்காலம் கல்லு. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுது, பாட்டி ஏசியில தூங்கினாங்க, எல்லாரும் சந்தோஷம். ஐப்பசி வந்துச்சு. மழை. தை பிறக்கிறதுக்குள்ள அந்தச் சிமென்ட் கோட்டுக்கு மேலயும் கீழயும், அதாவது நாங்க தொடவே தொடாத பழைய பூச்சு, உப்பு பூத்துப் பொருக்கு பொருக்கா உதிர ஆரம்பிச்சுது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு பாட்டி கட்டில் பக்கத்துல விழுந்துச்சு. தலைமாட்டுப் பக்கம் இல்ல, கால்மாட்டுல. அவ்வளவுதான் வித்தியாசம்.

நூறு வருஷம் நின்ன பூச்சு ஆறு மாசத்துல ஏன் விழுந்துச்சு? பழைய வீடுகளோட அஸ்திவாரத்துல ஈரம் தடுக்கிற அடுக்கு பெரும்பாலும் கிடையாது. நிலத்துத் தண்ணி செங்கல் வழியா மேல ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதைத் தடுக்காது, வெளியே விட்டுடும். மழையில ஈரம் வாங்கும், வெயில்ல காயும். அந்தச் சுவரோட டிசைனே அதுதான். சிமென்ட் அடர்த்தியான பூச்சு. அது மறிச்சதும் தண்ணி சுத்திக்கிட்டு, சிமென்ட்டோட ஓரம் வழியா வெளியே வந்துச்சு. வரும்போது உப்பையும் கூட்டிட்டு வந்துச்சு. தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது. பூச்சுக்குள்ளயே படிகமாகி, பருத்து, பூச்சை உள்ள இருந்து தள்ளும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழகின கதைதான். பழைய சிஸ்டத்துல யாரோ ஒரு பேட்ச் போடுவாங்க, பேட்ச் அருமையா ஓடும், பக்கத்துல இருக்கிறது எல்லாம் விழும்.

நான் ஒரு சின்ன டெஸ்ட் பண்ணேன். லேப் சாமான் விக்கிற கடையில ஃபீனால்ப்தலீன் வாங்கினேன். ஸ்கூல்ல காரம் சேர்த்தா பிங்க் ஆகுமே, அதே சொட்டு மருந்து. விழுந்த துண்டுல சிமென்ட்டும் இருந்துச்சு, பழைய காரையும் இருந்துச்சு. ரெண்டையும் புதுசா உடைச்சு அந்த முகத்துல சொட்டு விட்டேன். சிமென்ட் பளிச்சுன்னு ரோஜா நிறம். காரை நிறமே மாறல. அதாவது காரை தன் வேலையை எப்பவோ முடிச்சுட்டு, முழுசா கார்பனேட்டா மாறி உக்காந்திருக்கு.

சிமென்ட்டை வில்லனாக்கிட்டு போயிடலாம், ஆனா அது நியாயம் இல்ல. இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்கிற கொத்தனார் 1824-ல போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவுல சிமென்ட் செய்யுற முதல் முயற்சி எங்கன்னு நினைக்கிறீங்க? 1904, நம்ம மெட்ராஸ். அதுவும் கடல் கிளிஞ்சலை வெச்சு! அது நிலைக்கல. குஜராத்துல போர்பந்தர் ஆலை 1914-ல உற்பத்தி ஆரம்பிச்ச பிறகுதான் தொழில் ஊன்றுச்சு. இன்னைக்கு இருக்கிற மாதிரி அடுக்குமாடியைச் சுண்ணாம்புல கட்ட முடியாது. கலவை அடிக்கிறவனுக்கு மாசக்கணக்கா கூலி கொடுக்கவும் யாரும் தயாரா இல்ல.

ஆனா சுண்ணாம்பு ஒரே நாள்ல சாகல. அதுக்கு நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற ஒரு காரணம் இருக்கு: சிமென்ட் பர்மிட். விலையும் விநியோகமும் அரசு கட்டுப்பாட்டுல. வீடு கட்டணும்னா மனு போட்டுக் காத்திருக்கணும், இல்லன்னா கள்ளச்சந்தை. 1982-ல பாதி தளர்த்தினாங்க, 1989-ல முழுசா எடுத்தாங்க. சிமென்ட் கிடைக்காத வரைக்கும் சின்ன வேலைகளுக்குச் சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார் தேவைப்பட்டார். மூட்டை தாராளமா கிடைச்சதும் தேவைப்படல. ஒரு கைவேலை இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சது பாரம்பரிய பக்தியால இல்ல, ரேஷனால. எனக்கு இது கொஞ்சம் சிரிப்பாவும் கொஞ்சம் சங்கடமாவும் இருந்துச்சு.

அப்படித் தொழில் கத்துக்கிட்ட ஒரு மேஸ்திரியைத் தெரிஞ்சவங்க மூலமா பிடிச்சோம். வயசு எழுபது இருக்கும். கோயில் திருப்பணி வேலைகளுக்குப் போறவர். வந்தார், சுவரை விரல் முட்டியால தட்டினார், டொக் டொக்னு கேட்ட இடத்துல எல்லாம் பென்சிலால வட்டம் போட்டார். சிமென்ட் கோட்டைப் பார்த்துட்டு, "இது ஒட்டும் தம்பி, ஒத்துப்போவாது"ன்னார்.

அவர் இன்னொண்ணையும் காட்டினார். அந்தக் காடி படுக்கைவாட்டுல போயிருக்கு, ஆழம் ரெண்டு இன்ச். அது ஒன்பது இன்ச் சுவர், மேல கூரை எடையைத் தாங்குற சுவர். இங்கிலாந்துல இதுக்கு ஒரு விதி உண்டு: நெட்டுக்குத்தா வெட்டினா சுவர் கனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, படுக்கைவாட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. ஒன்பது இன்ச்சுல ஆறுல ஒண்ணு ஒன்றரை இன்ச். நாங்க எல்லை தாண்டியாச்சு. மேஸ்திரிக்கு அந்த விதி தெரியாது. அவர் சொன்னது, "இடுப்புல வெட்டலாமா?"

சாந்து தயாராக மூணு வாரம் ஆச்சு. மொட்டை மாடியில பிளாஸ்டிக் டிரம்ல சுண்ணாம்பு ஊறிச்சு. (நீங்க செஞ்சா கண்ணாடி போட்டுக்கோங்க. சுட்ட சுண்ணாம்பு தெறிச்சா கண்ணு போயிடும், விளையாட்டு இல்ல.) கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன். கருப்பட்டி பாட்டி கொடுத்தாங்க. சிமென்ட்டை உளியால மெதுவா எடுத்து, செங்கல்லை நனைச்சு, ஒரு பூச்சு போட்டு ஒரு வாரம் விட்டு, அடுத்த பூச்சு. தினமும் ரெண்டு வேளை தண்ணி தெளிக்கிறது என் டியூட்டி. ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஸ்ப்ரே பாட்டிலோட நின்னிருக்கேன். கூலி, முதல்ல செஞ்ச மொத்த எலக்ட்ரிக்கல் வேலையைப் போல மூணு மடங்கு. சித்தப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறார்.

அடுத்த ரூமுக்கு வயரிங் போடணும்னு வந்தப்போ, வெட்டவே வேண்டாம்னு முடிவு பண்ணோம். யோசிச்சுப் பாருங்க, இந்த வீட்டுக்கு முதல்ல கரன்ட் வந்தப்போ யாரும் சுவரை வெட்டல. மரப்பட்டை அடிச்சு அதுமேல வயரை ஓட்டினாங்க. சுவருக்குள்ள மறைக்கிற வயரிங் பின்னாடி வந்த ஆசை. அதே மாதிரி இப்போ பைப் வெளியவே ஓடுது. ஏசி பைப்புக்கு மட்டும் ஒரே ஒரு ஓட்டை, தண்ணி விட்டுக்கிட்டே துளைக்கிற மெஷின்ல.

தண்ணி விடச் சொன்னதுக்குச் சுவர் மட்டும் காரணம் இல்ல. அந்த முதல் ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்டப்போ, மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு இருமல் கேட்டுச்சு. எலக்ட்ரீஷியன் கூட வந்த ஹெல்ப்பர் பையன். பதினெட்டு பத்தொன்பது வயசு. வாயில துண்டு கட்டிக்கிட்டு, மெஷினுக்குப் பக்கத்துல முறத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அந்தத் தூள்ல மணல் இருக்கு. மணல்னா சிலிக்கா. கண்ணுக்குத் தெரியுற தூசியை விடத் தெரியாத தூசிதான் நுரையீரலோட அடிவரைக்கும் போகும். போனது வெளியே வராது. வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிக்கோசிஸ், அதுக்குக் குணப்படுத்துற மருந்து இல்ல. துண்டு அதைத் தடுக்காது. நான் அன்னைக்கு அடுத்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, ஹெட்போன் போட்டுக்கிட்டு மீட்டிங்ல இருந்தேன். போன் மட்டும்தான் அங்க இருந்துச்சு.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் பண்ணி அந்தப் பையனைப் பத்திக் கேட்டேன். இப்போ அவர்கிட்ட இல்லையாம், வேற எங்கயோ வேலைக்குப் போயிட்டானாம். "பேர் என்னண்ணே?"ன்னேன். "எல்லாரும் குட்டின்னு கூப்பிடுவோம் தம்பி, நிஜப் பேரு..."ன்னு இழுத்தார்.

பூசின இடம் பழைய சுவரை விட வெள்ளையா, தனியாத் தெரியுது. அது மேல பெயின்ட் அடிக்க இன்னும் நாள் ஆகும்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருக்கார். பாட்டி கட்டிலை நகர்த்தச் சொல்லி, இப்போ அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கிறாங்க. ஏசி இருபத்தி ஏழுல ஓடுது. நேத்து போனப்போ அந்த இடத்துல கை வெச்சுப் பார்த்தேன், இன்னும் சில்லுன்னுதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.